இசைக்கடல் தந்த பண்டிதர்

பாடும்போது பிறக்கும் இசை, பாடி முடித்ததும் காற்றில் கரைந்துவிடுகிறது. கேட்டவரின் நினைவில் நிற்பதே அதன் எச்சம். அந்நினைவும் ஒரு தலைமுறையுடன் மறைந்துவிடும். இவ்வாறு மறையக்கூடிய கலைக்கு நூல்வடிவில் நிலைபேறு அளிக்கத் தம் உழைப்பையும் செல்வத்தையும் செலவிட்டவர் ஒருவர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்கு வழங்கிய அவர், ஆபிரகாம் பண்டிதர் ஆவார்.

இளமையும் கல்வியும்

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில், 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். பெற்றோர் முத்துசாமி, அன்னம்மாள். கிறித்தவ நெறியைப் பின்பற்றிய எளிய குடும்பம் அது. பரம்பரையாக இசையையே தொழிலாகக் கொண்ட இல்லங்களில் பிள்ளைகள் தொட்டிலிலேயே சுருதியைக் கேட்டு வளர்வர். அத்தகைய வாய்ப்பு இவருக்கு அமையவில்லை. இவர் பெற்ற இசையறிவு முழுவதும் இவரே தேடிச் சென்று பெற்றதாகும்.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஆபிரகாம், அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். ஒன்றைக் கண்டால் அது இயங்கும் முறையை அறியாமல் விடுவதில்லை என்பது இவரது இயல்பு. நிழற்படக்கலை, அச்சுத்தொழில் போன்றவற்றையும் ஆர்வத்துடன் கற்றுக்கொண்டார். திண்டுக்கல்லில் வாழ்ந்த சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் வாசிக்கப் பயின்றார். கைத்தொழில்களில் பழகிய கூர்மையான பார்வையே பிற்காலத்தில் தந்தியின் நீளத்தையும் சுரத்தின் அளவையும் ஆராயும் பார்வையாக வளர்ந்தது.

தமிழ் மருத்துவ நூல்களிலும் இவருக்கு ஈடுபாடு மிகுதி. சுருளிமலைப் பகுதியில் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, அவரையே குருவாக ஏற்று மருந்து முறைகளைக் கற்றார். குருவிடம் கொண்ட நன்றியுணர்வு இவர் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. பின்னாளில் இவர் தயாரித்த மருந்துகளும், உருவாக்கிய தோட்டமும் கருணானந்தரின் பெயரையே தாங்கின. 'கருணாமிர்த சாகரம்' என்னும் நூற்பெயரிலும் அந்த நினைவு ஒலிக்கிறது.

தஞ்சையில் வாழ்வு

1882ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்த ஆபிரகாம், மறு ஆண்டில் தஞ்சாவூரில் குடியேறினார். கணவன், மனைவி இருவரும் அங்குள்ள நேப்பியர் சீமாட்டி பெண்கள் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினர். 1890ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஆசிரியப் பணியிலிருந்து விலகி மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். இவருடைய சஞ்சீவி மருந்துகள் தமிழகத்திற்கு அப்பாலும் கடல் கடந்தும் விற்பனையாயின. மக்கள் இவரைப் 'பண்டிதர்' என்று அழைத்தனர்.

தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைகளையும் பயன்தரும் பயிர்களையும் வளர்த்தார். கருணானந்தபுரம் எனப் பெயர் பெற்ற அத்தோட்டத்தை ஊரார் பண்டிதர் தோட்டம் என்றனர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி அதனைப் பார்வையிட்டார். 1909ஆம் ஆண்டில் அரசு இவருக்கு 'ராவ் சாகிப்' என்னும் பட்டம் வழங்கியது. அந்நிலையில் மருத்துவரும் உழவரும் செல்வருமாகப் பண்டிதர் நிறைவாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அவர் மனம் இசையை நாடியது.

அவர் குடியேறிய தஞ்சையின் நிலை அதற்கு ஒரு காரணம். தியாகராசர் முதலிய இசைப்பெரியோர் வாழ்ந்து பாடிய காவிரி நாடு அது. மராட்டிய மன்னர்கள் அங்குக் கலைஞர்களைப் பேணி வந்தனர். 1855ஆம் ஆண்டில் ஆண்வாரிசு இன்றி மன்னர் இரண்டாம் சிவாசி மறைந்ததும் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனை ஆதரவு நின்றுபோனதால் கலைஞர் பலர் புரவலரைத் தேடி வேறு ஊர்களுக்குச் சென்றனர். பண்டிதர் தஞ்சைக்கு வந்தபோது பாட்டும் பாடுவோரும் இருந்தனர். அவ்விசையின் இலக்கணத்தை ஐயமறக் கூறும் நூல்தான் எளிதில் கிடைக்கவில்லை.

நூலின்றி வளர்ந்த இசை

அக்காலத்தில் இசை, குருவின் வாயிலிருந்து மாணவரின் செவிக்குச் சென்றது. ஒரு குரு மறைந்தால் அவர் மட்டுமே அறிந்திருந்த உருப்படிகளும் மறையும். ஒரே பாடலை இருவர் இருவேறு முறையில் பாடினால், எது பழைய முறை என்று துணிய வழியில்லை. இவ்விழப்பு தமிழுக்குப் புதியதன்று. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் தம் காலத்திற்கு முன்பே அழிந்துபோயின என்று சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் குறித்துள்ளார். பெயர் மட்டும் எஞ்சிய அந்நூல்கள் எழுதிக் காக்கப்படாத அறிவின் முடிவைக் காட்டுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1892ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தார். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் பொதிந்திருந்த பழந்தமிழ் இசைச்செய்திகள் அச்சு வடிவில் பலர் கைகளுக்கும் வந்தன. 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தெலுங்கில் வெளியிட்டார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒலிப்பதிவு நடைபெற்றதைத் தொடர்ந்து இந்தியக் கலைஞர்களின் குரல் இசைத்தட்டுகளில் ஒலிக்கலாயிற்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாடலே அடங்கும். ஒருவர் எவ்வாறு பாடினார் என்பதை இசைத்தட்டு உரைக்கும். அச்சுரங்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அது உரைக்காது. அதனை உரைக்க ஒரு நூல் தேவைப்பட்டது.

பண்டிதர் முதலில் இசை பயில்வோரின் தேவையை எண்ணினார். தொடக்க மாணவர் பாடிப் பழகும் பாடல்கள் பெரும்பாலும் பிறமொழிகளில் இருந்தன. பொருள் விளங்காமல் பாடும் மாணவருக்காக, கீதம் முதல் கீர்த்தனை வரையிலான உருப்படிகளைத் தமிழில் தாமே இயற்றினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட அப்பாடல்கள் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்னும் பெயரில் 1907ஆம் ஆண்டில் நூலாயின.

சுருதி எத்தனை?

பாடல் நூலை முடித்த பண்டிதருக்கு அதனினும் பெரிய வினா ஒன்று காத்திருந்தது. குமரிக் கடற்கரையில் உள்ள இனயத்தில் ஆர்மோனியத்துடன் தேவாலயப் பாடல் பாடுவோருக்கும், தஞ்சைக் கோயில் தெருவில் நாகசுரம் வாசிப்போருக்கும் அடிப்படை ஏழு சுரங்களே. பழந்தமிழர் அவற்றைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். இவ்வேழு சுரங்களுக்கு இடையே நுட்பமான ஒலிநிலைகள் உள்ளன. அவற்றைச் சுருதி என்றும் அலகு என்றும் கூறுவர். ஒரு ஸ்தாயியில் அத்தகைய சுருதிகள் எத்தனை என்பதே அவ்வினா.

வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரமும், 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமும் சுருதிகள் இருபத்திரண்டு என்றன. அறிஞர் பலரும் அதனையே ஏற்றனர். ஆயினும் அந்த இருபத்திரண்டும் எவ்வெவ்விடத்தில் அமைகின்றன என்று அளந்து காட்டியபோது அவர்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. எண் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருந்த இம்முரண்பாடு பண்டிதரைச் சிந்திக்க வைத்தது.

விடையைப் பண்டிதர் சிலப்பதிகாரத்தில் தேடினார். ஆய்ச்சியர் குரவையில், ஏழு மகளிர் ஏழு சுரங்களின் பெயர் பெற்று வட்டமாக நிற்கின்றனர். அவ்வட்டம் பன்னிரண்டு இராசி வீடுகளாகப் பகுக்கப்பட்டது என உரை விளக்குகிறது. குரல் நிற்கும் வீட்டிலிருந்து ஏழு வீடுகள் நகர்ந்தால் இளி வரும். அந்த இளியையே குரலாகக் கொண்டு மீண்டும் ஏழு வீடுகள் நகர்ந்தால் அடுத்த சுரம் வரும். இவ்வாறு பன்னிரண்டு முறை நகர்ந்தால், பன்னிரண்டு வீடுகளையும் தொட்டுத் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரலாம். வட்டம் முழுமையாக மூடிக்கொள்கிறது.

இதனைத் தந்தியில் அளந்து பார்த்தால் ஒரு சிக்கல் எழுகிறது. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயிச் சட்சமம் பிறக்கும். அதன் ஒலி இருமடங்கு அதிர்வுடையது. நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளியாகிய பஞ்சமம் பிறக்கும். அதன் அதிர்வு ஒன்றரை மடங்கு. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 கிடைக்கும். ஏழு ஸ்தாயிகளுக்கு இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 கிடைக்கும். இரண்டும் மிக நெருங்கியவை. ஆனால் சமமானவை அல்ல. தந்தியின் பின்னக் கணக்கைப் பின்பற்றினால் வட்டம் சிறிது தவறிப்போகிறது.

இவ்விடத்தில் பண்டிதர் துணிவான முடிவை எடுத்தார். பழந்தமிழர் வகுத்த வட்டம் தவறாது மூடிக்கொள்வது. எனவே பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் அமைந்தவை என்பது அவர் கொள்கை. ஒவ்வோர் இடைவெளியையும் சமமாகப் பகுத்தால் இருபத்துநான்கு சுருதிகள் கிடைக்கும். ஆயப்பாலையில் பன்னிரண்டு, வட்டப்பாலையில் இருபத்துநான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு என இப்பகுப்பு நுட்பமடைந்து செல்வதை அவர் விளக்கினார். உரைகளில் காணப்படும் இருபத்திரண்டு என்னும் எண்ணிக்கை, இருபத்துநான்கில் இரண்டலகு குறைத்து இசைக்கும் ஒரு முறையையே குறிக்கும் என்றும் கருதினார். சுரங்களின் அளவுகளை மடக்கைக் கணக்கின் துணையுடன் நுண்ணிதாகக் கணித்து அட்டவணைகளாகத் தந்தார்.

மாநாடுகளும் பரோடா பயணமும்

தாம் கண்ட முடிவைத் தாமே நம்பி அமைதியடைய அவர் விரும்பவில்லை. பாடுவோரும் வாசிப்போரும் கேட்டு ஆராய்ந்து சொல்லட்டும் என எண்ணினார். 1911ஆம் ஆண்டில் அவருடைய மனைவி ஞானவடிவு பொன்னம்மாள் மறைந்தார். ஏறத்தாழ முப்பதாண்டு உடனிருந்த துணையை இழந்த துயரிலும் பண்டிதர் பணியை நிறுத்தவில்லை. 1912ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் தஞ்சையில் 'சங்கீத வித்தியா மகாசன சங்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அதன் சார்பில் அடுத்த சில ஆண்டுகளில் தொடர்ந்து இசை மாநாடுகளை நடத்தினார். பல ஊர்களிலிருந்தும் வந்த இசைவாணர்களுக்கான செலவைப் பண்டிதரே ஏற்றார். மன்னரின் கருவூலம் செய்துவந்த பணியை ஒரு மருத்துவரின் வருவாய் செய்தது.

1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் பரோடாவில் அனைத்திந்திய இசைமாநாடு கூடியது. பரோடா மன்னரின் ஆதரவில், இந்துத்தானி இசையறிஞர் பாத்கண்டேயின் முயற்சியால் நடைபெற்ற மாநாடு அது. இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை வலியுறுத்தியோரும் அங்கு வந்திருந்தனர். பண்டிதர் தம் குடும்பத்துடன் தஞ்சையிலிருந்து பரோடா சென்றார். அவர் கொள்கையை விளக்க, மகள் மரகதவல்லி உள்ளிட்ட குடும்பப் பெண்கள் இசைத்துக் காட்டினர். பெண்கள் பொது அவையில் ஆராய்ச்சிக்குச் சான்றாக இசைப்பது அரிதாக இருந்த காலம் அது. மாநாட்டுடன் சுருதி பற்றிய வாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் தமிழிசையின் இலக்கணச் சிக்கல் ஒன்று இந்திய அளவிலான ஆய்வரங்கில் ஒலித்தது.

கருணாமிர்த சாகரம்

பண்டிதர் தம் ஆய்வு முழுவதையும் ஒரு பெருநூலாக்கினார். தஞ்சையில் அவர் நிறுவிய லாலி மின்னச்சகத்தில் அந்நூல் அச்சாயிற்று. சுரக்குறிப்புகளும் எண் அட்டவணைகளும் வட்டப் படங்களும் நிறைந்த நூலை அக்காலத்தில் எழுத்துக் கோத்து அச்சிடுவது எளிய செயலன்று. இளமையில் பழகிய அச்சுத்தொழில் அறிவு அப்போது கைகொடுத்தது. 1917ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' முதல் தொகுதி வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்நூல், தமிழிசை வரலாறு, சுருதி பற்றிப் பிறர் கூறிய கொள்கைகள், சிலப்பதிகாரம் காட்டும் இசைமுறை, யாழ் ஆகியவற்றை விரிவாக ஆராய்கிறது.

அந்நூலின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. மறுக்க வேண்டிய கொள்கையையும் முதலில் முழுமையாக எடுத்துரைத்து, அதன் கணக்கைக் காட்டி, பின்னரே தம் மறுப்பைப் பண்டிதர் கூறுகிறார். படிப்பவர் தாமே கணக்கிட்டு உண்மை காண வேண்டும் என்பது அவர் நோக்கம். தம் காலத்திலும் அதற்கு முன்னும் வாழ்ந்த இசைவாணர்களின் பெயர்களையும் அந்நூலில் தொகுத்துள்ளார். வேறெங்கும் எழுதப்படாமல் மறைந்திருக்கக்கூடிய கலைஞர் பலரின் பெயர்கள் அப்பட்டியலால் நிலைபெற்றன.

நூலிலுள்ள அனைத்தையும் பிற்காலத்தவர் ஏற்றனர் என்று கூறவியலாது. கடல்கொண்ட தென்னிலம் பற்றி அவர் எழுதியவை அக்கால நம்பிக்கைகளைச் சார்ந்தவை. இன்றைய நிலவியல் அவற்றை ஏற்பதில்லை. இருபத்துநான்கு சுருதி என்னும் முடிவும் அறிஞர் அனைவரின் உடன்பாட்டையும் பெறவில்லை. ஆயினும் சிலப்பதிகாரத்தை இசையிலக்கணச் சான்றாகக் கொண்டு, அதன் ஒவ்வொரு குறிப்பையும் தந்தியிலும் எண்ணிலும் வைத்துச் சோதிக்கும் நெறியை விரிவாகக் காட்டியவர் அவரே. பின்வந்தோர் அவரை மறுக்க வேண்டுமானாலும் அவர் வகுத்த வழியில் நடந்தே மறுக்க வேண்டியிருந்தது.

மகள் நிறைவேற்றிய பணி

முதல் தொகுதி வெளிவந்து ஈராண்டுகளில், 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் வளர்த்த தோட்டத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இராகங்களின் இலக்கணத்தைக் கூறும் இரண்டாம் தொகுதி அப்போது அச்சேறவில்லை. நூலின்றி மறைந்த பண்டைய இசையறிவைப் போலவே, அக்கையெழுத்துப் படியும் மறைந்துபோக வாய்ப்பிருந்தது.

அவ்வாறு நிகழாமல் காத்தவர் மரகதவல்லி துரைப்பாண்டியன். பரோடா அவையில் தந்தையின் கொள்கைக்கு இசைவடிவம் தந்த அவர், 1946ஆம் ஆண்டில் இரண்டாம் தொகுதியை வெளியிட்டார். தந்தை மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பண்டிதரின் மகன் வரகுணபாண்டியனும் 'பாணர் கைவழி' என்னும் யாழாராய்ச்சி நூலை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டு இப்பணியைத் தொடர்ந்தார்.

இவ்விடைக்காலத்தில் தமிழிசைக்கு நாடெங்கும் ஆதரவு பெருகியது. 1943ஆம் ஆண்டில் அரசர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1947ஆம் ஆண்டில் ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' அரங்கேறியது. தமிழிசை ஆராய்ச்சி வளர்ந்த இக்காலத்திற்கு முன்பே, தனியொருவராகப் பண்டிதர் அதற்கு அடித்தளம் இட்டிருந்தார்.

இன்று இசையைக் கேட்க வழிகள் பெருகியுள்ளன. இசைத்தட்டும் ஒலிநாடாவும் குறுந்தகடும் கடந்து, ஒரு கைப்பேசியில் ஆயிரக்கணக்கான பாடல்களைக் கேட்கலாம். கருணாமிர்த சாகரமும் இணைய நூலகங்களில் படிக்கக் கிடைக்கிறது. அதிலுள்ள கணக்குகளைச் சரிபார்க்க அரண்மனையோ பெருஞ்செல்வமோ தேவையில்லை. ஒரு மரப்பலகை, இறுகக் கட்டிய ஒரு தந்தி, ஓர் அளவுகோல், உற்றுக் கேட்கும் செவி ஆகியவை போதும். கிராமத்துப் பள்ளி மாணவரும் அத்தந்தியில் இளியைக் கண்டறிந்து, பண்டிதரின் முடிவு சரியா என்று தாமே ஆராயலாம். குருவின் அருகில் அமரும் சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்த அவ்வாய்ப்பைப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் உரியதாக்கியதே ஆபிரகாம் பண்டிதர் தமிழுக்கு ஆற்றிய தொண்டாகும்.